சீராக வந்த வண்டியின் பின் சீட்டு

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளைக்கு என்ன வண்டி வேண்டும் என்று என் அப்பா கேட்டு அனுப்பினார். எங்கள் பக்கம் அது வழக்கம். நகை, பாத்திரம், கட்டில், பீரோ எல்லாம் பெரியவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். வண்டி மட்டும் மாப்பிள்ளையின் இஷ்டம். மாப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு போனில் ஒரு படம் அனுப்பினார். நீல நிறம், கூர்மையான மூக்கு, இரண்டு பக்கமும் எஞ்சினை மூடிய பளபளப்பான பிளாஸ்டிக். பந்தயத்தில் ஆட்கள் படுத்துக்கொண்டு ஓட்டுவார்களே, அந்த மாதிரி வண்டி. நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டில் அந்தப் படத்தை ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். என் கைக்கும் வந்தது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பின்னால் உட்காரப் போகிறவள் நான்தானே, எனக்குச் சரிப்படுமா என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. எனக்கே கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் இன்றைக்கும் கடுப்பு.

நான் நர்ஸ். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு சின்ன ஊரில், துணை சுகாதார நிலையத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. கொரோனா முடிந்தும் முடியாமலும் இருந்த காலம் அது. வேலை கிடைத்து மூன்று மாதத்தில் கல்யாணம் ஆகி, தியாகதுருகம் பக்கத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கிருந்து கள்ளக்குறிச்சி, அப்புறம் கச்சிராயபாளையம், அப்புறம் கோமுகி அணை, அதற்கப்புறம் மலை. காலையில் மலை பஸ்ஸை நம்பினால் நான் போய்ச் சேருவதற்குள் கர்ப்பிணிகள் பார்த்துப் பார்த்துத் திரும்பிப் போயிருப்பார்கள். அதனால் காலையில் என் வீட்டுக்காரர் அந்த வண்டியில் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் நான் பஸ்ஸில் இறங்குவேன். அவருக்கு நிலங்களில் சொட்டுநீர்க் குழாய் பொருத்தும் வேலை, நேரம் அவர் கையில் இருந்தது.

இப்போது அந்தப் பின் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில், அது சீட்டே இல்லை. ஓட்டுகிறவருக்கு ஒரு சீட்டு, அதற்கு ஒரு சாண் மேலே, வாலில், தனியாக ஒரு துண்டு. என் இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்தால் அந்த அகலம் வந்துவிடும். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. கால் வைக்கும் இடம் எங்கேயோ உயரத்தில் இருக்கும், அதில் காலை வைத்தால் முட்டி வயிற்றுக்கு வந்துவிடும். குந்தி உட்கார்ந்தபடியே மலை ஏற வேண்டும். ஏற்றத்தில் நான் பின்னால் சரிவேன், அவர் சட்டையைப் பிடித்து இழுப்பேன், காலர் கழுத்தை நெரித்து அவர் இருமுவார். இறக்கத்தில் பிரேக் போட்டால் மொத்தமாக அவர் முதுகில் போய் விழுவேன். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு அதெல்லாம் நல்லதுதானே என்று என் தோழிகள் சிரித்தார்கள். நல்லதுதான், ஒரு வாரத்துக்கு. அதற்கப்புறம் முதுகெலும்பு ஒன்று இருக்கிறதே!

இதில் அத்தையின் சட்டம் வேறு. என் மாமியாரைத்தான் சொல்கிறேன். தங்கமான மனுஷி. ஆனால் புது மருமகள் ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து ஊருக்குள் போகக் கூடாது.

"ஊர் எல்ல வரைக்கும் ஒரு பக்கமா உக்காந்துக்கினு போம்மா. அப்பால நீ எப்டினா போ, நான் இன்னா பாக்கவா போறேன்?"

அந்தத் துண்டு சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாதி உடம்பு சீட்டில், பாதி உடம்பு அந்தரத்தில். ஊர் எல்லையில் ஒரு சின்னப் பாலம் இருந்தது. தினமும் அங்கே வண்டியை நிறுத்தி, இறங்கி, காலை மாற்றிப் போட்டு ஏறுவேன். சுற்றி ஆடு மேய்க்கிறவர்கள் எனக்கு நேரம் வைத்துக் காத்திருந்து வேடிக்கை பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவேன். இடுப்புக்குக் கீழே, வால் எலும்பில் ஆரம்பித்து இடது பக்கம் ஏறும் வலி. நான் நர்ஸ், வலிக்குக் காரணம் எனக்குத் தெரியும். சீட்டுதான் காரணம் என்று முதல் வாரமே சொன்னேன். யார் நம்பினார்கள்? அது தெருவிலேயே அழகான வண்டி. சாயங்காலத்தில் பையன்கள் வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவ்வளவு நல்ல வண்டியில் போய் முதுகு வலிக்குமா? அதனால் வீடே கூடி வேறு காரணம் கண்டுபிடித்தது. மலை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்.

முதலில் மலைத் தண்ணீர் ஒத்துக்கவில்லை என்றார்கள். அத்தை தண்ணீர் காய்ச்சி பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். வலி போகவில்லை. மலைக் காற்று என்றார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனேன். அப்புறம் மலையில் எதையோ பார்த்து பயந்திருக்கிறாள் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். அடுப்பில் மிளகாய் வெடித்து நாங்கள் எல்லோரும் தும்மினோம். வலி அப்படியே இருந்தது.

மாமா, அதாவது என் மாமனார், கடைசியில் முடிவாகச் சொன்னார்.

"ஏம்மா, உனக்கு மலை ஒத்துக்கல. உடம்பு கெட்டுப்போச்சுன்னா அப்பால யார் பாக்கறது? இந்த வருஷ ஒப்பந்தம் முடியட்டும். மறுபடியும் கையெழுத்து போடாத. வூட்டோட இரு, இல்ல கள்ளக்குறிச்சில எதுனா ஆஸ்பத்திரில பாத்துக்கலாம்."

அந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? மலையில் எனக்கென்று ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு எடை மெஷின். பக்கத்துக் குன்றுகளிலிருந்து பெண்கள் நடந்து வந்து, "நர்சம்மா இருக்கறாங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைவார்கள். முதல் மாதம் என்னிடம் பேசவே கூச்சப்பட்டவர்கள், இப்போது ஊசிக்கு பயந்த தங்கள் புருஷன்மார்களைப் பற்றி என்னிடம் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படி ஒரு இடத்தை நான் அதற்கு முன்னால் எங்கேயும் சம்பாதித்ததில்லை. நானாகக் கையெழுத்து போட்டுவிட்டு வந்திருக்கலாம், யாரும் கையைப் பிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் தினமும் அதே வீட்டில்தானே சாப்பிட வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு மலை ஏற எனக்கு விருப்பமில்லை. ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம்கூட இல்லை.

அந்த நேரத்தில்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்தது. இன்றைக்கு மனு, நாளைக்கு ஆர்ப்பாட்டம், அதற்கடுத்த நாள் மறியல் என்று போய்க்கொண்டிருந்தது. மறியல் நாளில் பஸ் ஓடாது. போகவும் வண்டிதான், வரவும் வண்டிதான். மாமா அதில் முழு மூச்சாக இறங்கியிருந்தார். அவர் இளவட்டமாக இருந்தபோது நடந்த பழைய போராட்டத்திலும் ரோட்டில் உட்கார்ந்தவர். அதனால் ஊரில் அவருக்கு ஒரு மரியாதை. பையன்கள் எல்லாம் 'பெரியவரே' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் மாமாவுக்கு மீசை தானாக ஒரு முறுக்கு ஏறும்.

ஒரு மறியல் நாள் காலையில் நாங்கள் தியாகதுருகம் வந்தால், ரோட்டை அடைத்துக்கொண்டு கூட்டம். நடுவில் மாமா.

"ஏய், வழி வுடுங்கப்பா! என் மருமவ. நர்சு. மலைக்கு டூட்டிக்குப் போவுது."

கூட்டம் உடனே விலகியது. ஒரு பையன், "பெரியவரே, வண்டி சும்மா தூளா கீது!" என்றான். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு வந்ததே கோபம்.

"மாமா, ஊருக்கெல்லாம் இடம் கேட்டு உக்காந்துக்கினு இருக்கீங்க. எனக்கு இந்த சீட்டுல கொஞ்சம் இடம் வாங்கிக் குடுங்களேன்."

ரோட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் சாயங்காலம் வீட்டில் வேறு மாதிரி பேசினார்.

"மலை வேல உனக்கு ஒத்துக்கல. அத சொல்லாம சீட்டு மேல ஏம்மா பழி போடற? உங்க அப்பா குடுத்த வண்டிய நீயே கொற சொன்னா நல்லாவா இருக்கு?"

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். வாய் பேசாத சமயம் எனக்கு அபூர்வம்.

அடுத்து வந்த மறியல் நாளில் என் வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் குழாய் வேலை. என் அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணனிடமும் அதே நூற்றைம்பது சிசி எஞ்சின் வண்டிதான். ஆனால் மூடாத வண்டி. கடையில் அதை இங்கிலீஷில் 'நேக்கட்' என்பார்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்ததிலிருந்து அண்ணன் அதை அப்பா எதிரில் சொல்வதே இல்லை. "மூடாத வண்டிப்பா" என்பான். எஞ்சின், டேங்க் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஹேண்டில் பார் உயரமாக, அகலமாக இருக்கும். சீட்டு முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே நீளமாகப் போகும், பின்னால் பிடித்துக்கொள்ள நல்ல தடிமனான கம்பி.

ஏறி உட்கார்ந்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால் கீழே போய் இயல்பாக நின்றது. முதுகு நிமிர்ந்தது. ஊர் எல்லைவரை ஒரு பக்கமாக உட்கார்ந்தும் விழவில்லை. நெடுஞ்சாலையில் மட்டும் அண்ணன் வண்டி தோற்றது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். வேகம் எடுத்தால் காற்று மொத்தமும் அண்ணன் நெஞ்சில் அடித்து அவனைப் பின்னால் தள்ளியது, கண்ணில் தண்ணீர் வந்தது. இவருடைய வண்டி அந்த இடத்தில் வெண்ணெய் மாதிரி போகும். வண்டி மூக்கில் இருக்கும் காற்றுத் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் குனிந்துகொள்வார், காற்று அவர் தலைக்கு மேலே ஏறி நேராக என் முகத்தில் அடிக்கும், அது வேறு விஷயம். ஆனால் கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அண்ணன் வண்டிதான் ராஜா. கொண்டை ஊசி வளைவில் இவர் வண்டியைத் திருப்ப மொத்த உடம்பையும் சாய்க்க வேண்டும். அண்ணன் இரண்டு கையால் லேசாகத் திருப்பினான், வண்டி திரும்பிக்கொண்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு மரங்களை வேடிக்கை பார்த்தபடி போனேன். அவ்வளவு மாதம் போயும் அந்தப் பாதையில் அத்தனை நெல்லி மரம் இருப்பது எனக்குத் தெரியாது. காலையில் நான் பார்த்ததெல்லாம் இவர் சட்டையின் பின்பக்கம்தான், சாயங்கால பஸ்ஸில் தூங்கிவிடுவேன்.

சாயங்காலம் இறங்கி வந்தேன். வலி இல்லை. துளி வலி இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் குதித்துக் காட்டினேன்.

"பாத்தீங்களா மாமா? அதே மலை, அதே காத்து, அதே தண்ணி. வலிக்கல!"

மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "அண்ணங்கூட போனா வலிக்காது. புருஷங்கூட போனாத்தான் வலிக்கும். அப்டித்தானே?"

அத்தை "அட, சும்மா இருய்யா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய் கதவைச் சாத்திக்கொண்டேன். இவர் வந்து கதவுக்கு வெளியே நின்று, "அப்பா தமாசுக்கு சொன்னாரு" என்றார். தமாசாம்! என் வேலை போகப் போகிறது, இவர்களுக்குத் தமாசு.

ஒப்பந்தம் முடியும் மாதமும் வந்துவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு, வலிக்கவில்லை என்று நடிக்கப் பார்த்தேன். நடையைப் பார்த்தே அத்தை கண்டுபிடித்துவிடுவார். அப்போதுதான் அந்த ஊர்வலம் வந்தது.

தியாகதுருகத்தில் புறப்பட்டு, வழியில் இருக்கும் ஊர்களுக்குள் எல்லாம் நுழைந்து, சின்னசேலம் போய்த் திரும்பி, கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசில் மனு கொடுப்பதாக ஏற்பாடு. மொத்தமும் மோட்டார் சைக்கிளில். முன் வரிசையில் பார்வையான வண்டிகள் போக வேண்டும் என்று பையன்கள் முடிவு செய்தார்கள். எங்கள் நீல வண்டிக்கு முதல் இடம். அதில் பின்னால் உட்கார்ந்து கொடி பிடித்து வரும் மரியாதை பழைய போராட்டத்துப் பெரியவருக்கு, அதாவது மாமாவுக்கு. மாமா எங்கே போனாலும் தன் பழைய மொபெட்டில்தான் போவார். மகன் வண்டியின் பின்னால் அதுவரை ஒரு தடவைகூட ஏறியதில்லை. அதை நான் அன்றைக்குத்தான் யோசித்தேன். யோசித்ததும் மனசுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கும் பஸ் இல்லை. என்னைக் கொண்டுபோய் விட அண்ணன் வந்திருந்தான். கள்ளக்குறிச்சி வரைக்கும் அவர்களுக்குப் பின்னாலேயேதான் நாங்களும் போக வேண்டும். மாமா துவைத்து நீலம் போட்ட வேட்டி, புதுத் துண்டு. காலைத் தூக்கிப் போட்டு ஏறவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஏறியதும் அந்த உயரத்தில், எல்லோர் தலைக்கும் மேலே தெரிந்தார். கையில் நீளமான கொடிக் கம்பு. பையன்கள் கோஷம் போட்டார்கள். மாமா ஒரு கையை ஆட்டினார். அவ்வளவுதான், வண்டி நகர்ந்தது.

ஊர்வலம் என்றால் மெதுவாகப் போக வேண்டும். அந்த வண்டி மெதுவாகப் போகச் செய்த வண்டியே இல்லை. கொஞ்சம் போகும், நிற்கும், மறுபடி போகும். ஒவ்வொரு தடவையும் மாமா முன்னால் சரிந்து மகனின் தலையில் தாடையை இடித்துக்கொண்டார். இரண்டு கையும் கொடிக்கம்பில். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஸ்பீடு பிரேக்கர் வந்தது. மாமா சீட்டிலிருந்து ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தார். "அய்யோ!" என்ற சத்தம் கோஷத்துக்கு நடுவிலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அண்ணன் திரும்பி, "பாப்பா, உன் மாமனாரு இறங்கணும்ன்றாரு போல" என்றான்.

"எப்டி இறங்குவாரு? மொத வரிசை. மரியாத!" என்றேன். பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து அண்ணன் வாயில் ஒன்று போட்டேன். நான் நல்ல சீட்டில் ஒரு பக்கமாக, வசதியாக உட்கார்ந்திருந்தேன். பாவம் என்று கொஞ்சம் தோன்றியது. கொஞ்சம்தான்.

கள்ளக்குறிச்சியில் ஊர்வலம் சின்னசேலம் பக்கம் திரும்பியது, நாங்கள் கச்சிராயபாளையம் ரோட்டில் பிரிந்தோம். கடைசியாக நான் பார்த்தபோது மாமாவின் துண்டு பின் சக்கரத்தருகே தொங்கிக்கொண்டிருந்தது, இவர் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது மாமா கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். அத்தை தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இவர் மூலையில், திட்டு வாங்கின முகத்தோடு.

"வெயில் ஒத்துக்கல" என்றார் மாமா, தலையணைக்குள்ளிருந்து.

நான் பையை வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். "எங்க மாமா வலிக்குது?"

"இங்க தான்... இடுப்புல."

வால் எலும்புக்கு மேலே விரலை வைத்து அழுத்தினேன். "இங்கயா?"

"ஆ! அங்கதான்."

"இங்க ஆரம்பிச்சு, இடது பக்கமா மேல ஏறுதா?"

"ஆமாம்மா."

"முட்டிய நீட்டுனா தொடைக்குப் பின்னால சுருக்குன்னு இழுக்குதா?"

மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "அதெப்டி உனக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியாம யாருக்கு மாமா தெரியும்? தெனம் அந்த எடத்துலதானே உக்காந்துக்கினு போறேன்."

அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். மாமா மெல்லத் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஒத்தடம் கொடுத்தேன், மாத்திரை கொடுத்தேன், எப்படிப் படுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

இரண்டு நாள் மாமா மொபெட்டில்கூட ஏறவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்க்கிறேன், வாசலில் நீல வண்டியின் பக்கத்தில் நின்று பின் சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஏன்டா, இதுக்கு வேற சீட்டு கெடைக்குமா?" என்று மகனைக் கேட்டார்.

"வண்டி அமைப்பே அப்டித்தாம்ப்பா. சீட்ட மாத்தினாலும் கால் வெக்கிற எடம் அங்கயேதான் இருக்கும்."

"அப்ப குடுத்துட்டு வேற வாங்கு."

"சீரா வந்தத விக்கிறதா? அவங்க வூட்ல இன்னா நெனப்பாங்க?"

மாமா சீட்டிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிட்டார். சீர் வண்டியை விற்றால் எங்கள் ஊரில் என் அப்பா தலை குனிந்துதான் நடக்க வேண்டும்.

அன்றைக்கு மலை ஏறும்போது, அணைப் பக்கத்து டீக்கடையில் இவர் வண்டியை நிறுத்தினார். டீ கிளாசை வாங்காமல் இரண்டு கையையும் உதறிக்கொண்டே இருந்தார். அவர் அப்படிச் செய்வதை முன்னாலும் பார்த்திருக்கிறேன். குளிர் என்பார்.

"இன்னாங்க, கை இன்னா?"

"மரத்துப் போச்சு." கையை மறுபடி உதறிவிட்டு, "எப்பவும் மரத்துடும். ஹேண்டில் தாழ்வா கீதுல்ல, ஒடம்பு பாரம் மொத்தமும் மணிக்கட்டுல. எறக்கத்துல ரொம்ப ஜாஸ்தி. சில நாளு வெரலு பிரேக்குல கீதா இல்லயான்னே தெரியாது" என்றார்.

"அடப்பாவி மனுஷா! இத்தன மாசமா ஏன் சொல்லல?"

"நானே கேட்டு வாங்கின வண்டி. உங்க அப்பா ஒரு பேச்சு பேசாம வாங்கிக் குடுத்தாரு. அப்பால எந்த வாயால கொற சொல்றது?"

எனக்கு அவரைத் திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. டீக்கடையாக இருந்ததால் திட்டினேன். என் கண் கலங்கியிருந்ததை அவர் பார்த்துவிட்டார். நானாவது வாய்விட்டுச் சொன்னேன், இவர் என் முன்னால் உட்கார்ந்துகொண்டு அதே வண்டியில் அதே மலையை வாயை மூடிக்கொண்டு ஏறியிருக்கிறார்.

வழியைக் கண்டுபிடித்தது அண்ணன்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து, நீல வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பையன்கள் பார்ப்பது போலவே பார்த்தான்.

"மாப்ள, நம்ம ரெண்டு பேரும் மாத்திக்கலாமா? எனக்குப் பின்னால உக்கார ஆளே இல்ல. நான் ஹைவேல போறவன்."

"உங்க அப்பா இன்னா சொல்வாரு மச்சான்?"

"வெளிய போனாத்தானே விக்கிறது? நம்ம வூட்டு வண்டி நம்ம வூட்லயே இருக்கு."

என் அப்பாவிடம் போனில் கேட்டோம். அப்பா ஒரு நொடி யோசித்துவிட்டு, "அதுல உக்காந்தா வலிக்குதுன்னு மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வண்டிகள் மாறின. அண்ணன் நீல வண்டியில் நைனார்பாளையம் ரோட்டில் குனிந்து பறந்தான். இவர் மூடாத வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். வருத்தமும் நிம்மதியும் கலந்து ஒரு முகம் இருந்தது. அந்த நீல வண்டிக்கு அவர் நிஜமாகவே ஆசைப்பட்டார், அது எனக்குத் தெரியும். இரண்டு மூன்று நாள் ராத்திரிச் சாப்பாட்டைப் பேசாமலே சாப்பிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

வலி ஒரு வாரத்தில் போனது. ஆனால் ஒப்பந்தத்தைப் பற்றி மாமா வாயே திறக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெள்ளிமலை ஆபீசில் கையெழுத்து போட வேண்டிய நாள் மறுநாள் என்று ஆகிவிட்டது. கேட்கவும் பயம். 'வேண்டாம்' என்று வந்துவிட்டால்?

அன்று மாலை சின்னசேலத்திலிருந்து மாமாவின் அக்கா வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்ததும் அவர் ஆரம்பித்தார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"ஏன்டா, உன் மருமவளுக்கு மலை ஒத்துக்கலயாமே? முதுகு வலின்னு சொன்னாங்க. சின்னப் பொண்ணு, வேலய வுடச் சொல்லக் கூடாதா?"

நான் தட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மலை இன்னா பண்ணும்? மலைல ஆயிரம் பேரு இருக்கறாங்க. வண்டிதான் சரியில்ல. நான் அப்பவே சொன்னேன்."

நான் அப்பவே சொன்னேன்! நான் தட்டை வைத்துவிட்டு வாயைத் திறந்தேன். அன்றைக்கு என்ன பேசியிருப்பேனோ, தெரியாது. எனக்கு முன்னால் அத்தை பேசிவிட்டார். சத்தம் போடவில்லை, பாத்திரம் எடுத்துக்கொண்டே, போகிற போக்கில்தான் சொன்னார்.

"நீ எங்கய்யா சொன்ன? அவ சொல்லிக்கினே இருந்தா. நாமதான் கேக்கல."

மாமா தன் உள்ளங்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "கையெழுத்து போடறதுக்கு நாளைக்கு எத்தினி மணிக்குப் போவணும்மா?" என்று கேட்டார்.

"காலையில பத்து மணிக்கு, மாமா."

"சீக்கிரம் கெளம்புங்க" என்றார். "மலை ரோடு."